மூடிய பெட்டிக்கு ஏன் இவ்வளவு பணம்?

போன வாரம் ஒரு ஆப்ல மர்மப் பெட்டி ஏலம். 300 ரூபாயில் ஆரம்பிச்சு, ராத்திரி 12 மணிக்கு 4,200க்கு நான் "ஜெயிச்சேன்". அம்மா கரண்ட் பில் கட்டக் கொடுத்த பணமும் அதிலேயே போச்சு. உள்ளே ஒரு காதுல மட்டும் கேட்கிற இயர்போன், நாலு மொபைல் கவர். எதுவும் என் போனுக்குப் பொருந்தாது.

பேராசைன்னு ஒரே வார்த்தையில் முடிச்சிடலாம். ஆனா அது மட்டும் இல்லை. பேஸர்மேன், சாமுவெல்சன் என்ற இரு ஆய்வாளர்கள், நாணயம் போட்ட ஜாடியை மாணவர்களிடம் ஏலம் விட்ட சோதனையை 1983ல் வெளியிட்டாங்க. உள்ளே இருந்தது 8 டாலர். எல்லோரும் கேட்ட தொகையின் சராசரி 5 டாலர் சொச்சம்தான். ஜெயிச்சவங்க கொடுத்ததோ சராசரியா 10 டாலர்! கூட்டத்திலேயே ரொம்பக் கூடுதலா கணக்குப் போட்டவர் கைக்குத்தான் ஜாடி போகுது. என் கதையில் கணக்கே இல்லை. 1,000 தாண்டினதும் பெட்டி மறந்துபோச்சு. எதிர்ல ஏத்துறவனை விடக்கூடாது, அவ்வளவுதான்.

"கோயில் எலுமிச்சம்பழ ஏலமும் இப்படித்தானே?"ன்னு நண்பன் கேட்டான். 2024 பங்குனி உத்திரத்தில் விழுப்புரம் மாவட்டத்து முருகன் கோயில் ஒன்றில் 9 பழம் 2.36 லட்சத்துக்குப் போச்சு. அங்கே கையில் வரப்போறது எலுமிச்சம்பழம்னு எல்லாருக்கும் தெரியும். குழந்தை வரம் வேணும்னு வாய்விட்டுச் சொல்லித்தான் பலர் கேட்கிறாங்க. எனக்கு என்ன வேணும்னே தெரியாம கேட்டேன். கடன் வாங்கிப் பழம் எடுத்தா அது சரியான்னு அவன் திரும்பக் கேட்டப்போ, எனக்குப் பதில் வரலை.

கரண்ட் பில்லுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அம்மாகிட்ட இன்னும் சொல்லலை.