கோல் ஏந்தியவரின் கடமை

மேனாட்டு வாத்திய இசை பற்றி ஒருநாள் வகுப்பிற் பேச நேர்ந்தது. எழுபது எண்பது கலைஞர்களுக்கு முன்னே சிறு கோலுடன் நிற்கும் ஒருவரின் படத்தைக் காட்டி, "இவரைக் கொண்டக்டர் என்பர்" என்றேன். பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன், "எங்கள் தோட்டத்துக் கண்டாக்கையா மாதிரியா, சேர்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். ஆயினும் கண்டிக்குத் திரும்பும் பேருந்தில் அந்தக் கேள்வி என்னை விட்டகலவில்லை.

கண்டாக்கையா கொழுந்து பறிப்பதில்லை, பறிப்போரை மேற்பார்க்கிறார். இசை நடத்துநர் ஒலி எழுப்புவதில்லை, எழுப்புவோரை இயக்குகிறார். மேடையிலுள்ளோருள் ஓசையின்றி நிற்பவர் அவர் ஒருவரே. ஆனால் சுவரொட்டியிற் பெரிய எழுத்தில் அச்சாவது அவர் பெயர்தான். பிறர் உழைப்பின்மீது இத்துணை அதிகாரம் பெற்ற ஒருவரின் பொறுப்பு எங்கே முடிகிறது? தாளமும் சுருதியும் பிசகாமற் காப்பதோடு அவர் கடமை தீர்ந்துவிடுகிறதா? அன்றி, அந்த இசை யாருக்காக, யாருடைய அழைப்பின்பேரில், எத்தகைய வாயிற்கதவுக்குப் பின்னால் ஒலிக்கிறது என்பதற்கும் அவர் விடை கூற வேண்டுமா?

தலைமையே தீது என்று கூறி இக்கேள்வியை எளிதாகத் தட்டிக்கழிக்க முடியாது. நமது கூத்திலும் அண்ணாவியார் உண்டு. அவர் மத்தளம் முழக்குகிறார், பாடுகிறார், ஆடுவோரோடு சேர்ந்து வியர்க்கிறார்; எனினும் அவர் தலைவரே. தலைவரே இல்லாத இசைக்குழுவையும் உலகம் கண்டிருக்கிறது. புரட்சிக்குப் பின் மொஸ்கோவில் 1922ஆம் ஆண்டு தோன்றிய 'பேர்சிம்ஃபான்ஸ்' என்னும் குழுவில் நடத்துநர் கிடையாது. கலைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி வட்டமாக அமர்ந்து, ஒத்திகையிற் கூடிப் பேசி முடிவெடுத்து வாசித்தனர். 1932 வரை அது நிலைத்தது. கோல் இன்றியும் இசை உண்டு என்பதை நிறுவியது. அதற்கு எவ்வளவு நேரமும் பொறுமையும் வேண்டும் என்பதையும் நிறுவியது. ஆகவே கோல் இருக்கலாமா என்பதன்று வினா. கோல் யாருக்குக் கணக்குக் கொடுக்கிறது என்பதே வினா.

இவ்வினாவுக்கு உரைகல்லாக நமது துணைக்கண்டத்து மனிதர் ஒருவரையே எடுத்துக்கொள்ளலாம். ஸுபின் மேத்தா 1936இற் பம்பாயிற் பிறந்தவர். தந்தை மெஹ்லி மேத்தா, பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை நிறுவிய வயலின் கலைஞர். மருத்துவக் கல்வியைத் தொடங்கி இடையில் விட்ட மகன் 1954இல் வியன்னா சென்று ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் பயின்றார். 1958இல் லிவர்பூலில் நடந்த நடத்துநர் போட்டியில் முதலிடம் பெற்றார். முப்பது வயதை எட்டுமுன்னரே மொன்றியல், லொஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய இரு நகர்களின் இசைக்குழுக்களும் அவர் தலைமையில் இருந்தன. 1978 முதல் 1991 வரை நியூயோர்க் இசைக்குழுவை நடத்தினார். ஐரோப்பியர் தம் தனியுடைமை எனக் கருதிய கலையில், ஆசியர் ஒருவர் உச்சியை அடைந்தார். அது சிறிய செய்தியன்று. அதற்காக நாம் மகிழவே வேண்டும்.

ஆனால் அவர் வாழ்வோடு மிக நீண்டகாலம் பிணைந்திருந்தது இஸ்ரேல் இசைக்குழு. 1961இல் அதனை முதன்முறை நடத்தினார், 1981இல் அது அவரை வாழ்நாள் இயக்குநராக்கியது, 2019இல் விடைபெற்றார். இக்குழுவின் பிறப்பு நெஞ்சை உருக்குவது. நாஸிகளால் மேடைகளிலிருந்து விரட்டப்பட்ட யூதக் கலைஞர்களைத் திரட்டி, வயலின் மேதை ஹூபர்மன் அமைத்த அகதிகளின் குழு அது. 1936 டிசம்பரில் ரெல் அவிவில் அதன் முதற் கச்சேரியை நடத்தியவர் இத்தாலியரான டொஸ்கனினி. பாசிசக் கட்சியின் கீதத்தை இசைக்க மறுத்தமைக்காக 1931இற் பொலோனாவில் கன்னத்தில் அறையப்பட்டவர் அவர். அதே ஊர்தான், அதே மண்தான். 1948இல் ஏறத்தாழ 7 இலட்சம் பலஸ்தீனர் அந்நாட்டில் வீடிழந்தனர். அகதிகளின் குழு ஓர் அரசின் பெயரைத் தாங்கிய குழுவாயிற்று. 1967ஆம் ஆண்டுப் போரின்போது மேத்தா தாமே விரைந்து அங்கு சென்றார். போர் முடிந்ததும் வெற்றிக் கச்சேரியை நடத்தினார். நண்பர்களின் துயரிற் பங்குகொள்ளல் அறம். அவர்களுடைய அரசின் வெற்றியிற் பங்குகொள்ளலும் அதே அறமாகுமா?

"இசை அரசியலுக்கு அப்பாற்பட்டது" என்பர். இக்கூற்றைத் தம் வாழ்வாலேயே சோதித்துக் காட்டியவர் ஜேர்மனியின் ஃபூர்ட்வெங்லர். அவரைக் கயவர் எனல் அநீதி. 1933இல் யூதக் கலைஞர்களுக்காகக் கோயபல்ஸுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். பலரைக் காப்பாற்ற முயன்றார். ஆனால் நாட்டை விட்டுச் செல்லவில்லை. 1942 ஏப்ரலில் ஹிட்லரின் பிறந்தநாளையொட்டிய விழாவிற் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை நடத்தினார். மானிடர் யாவரும் சகோதரர் என்னும் பொருளுடைய அப்படைப்பு, கொலைஞர்கள் முன்வரிசையில் அமர்ந்திருந்த மண்டபத்தில் ஒலித்தது. சுருதி பிசகவில்லை. எல்லாம் பிசகியிருந்தது.

மேத்தாவை அந்த வரிசையில் நிறுத்துவது எனது நோக்கமன்று. 1994இற் சரயேவோவில், எரிந்து பாழான தேசிய நூலகத்தின் இடிபாடுகளிடையே மோட்சார்ட்டின் இரங்கல் இசையை நடத்தியவர் அவர். 2005 டிசம்பர் 26இல், கடற்கோளின் முதலாண்டு நினைவாகச் சென்னை மியூசிக் அக்கடமியில் ஜேர்மானிய இசைக்குழுவொன்றோடு நின்றவரும் அவரே. அந்நாளின் துயரை நமது கிழக்குக் கரையும் அறியும். பலஸ்தீன மண்ணிற் குடியேற்றங்கள் அமைக்கப்படுவதை வெளிப்படையாகக் கண்டித்துமுள்ளார். நல்லெண்ணம் அவரிடம் குறைவன்று. நல்லெண்ணம் மட்டும் போதுமா என்பதே நம் ஐயம்.

2013 செப்டெம்பர் 7ஆம் நாள் இந்த ஐயம் கூர்மை பெற்றது. அன்று ஸ்ரீநகரின் ஷாலிமார் பூங்காவில், ஜேர்மன் தூதரகத்தின் ஏற்பாட்டில், மேத்தா கச்சேரி நடத்தினார். காஷ்மீர மக்களுக்கு இசை விருந்தளிக்க வேண்டுமென்பது அவருடைய நெடுநாட் கனவு. உள்ளூர்க் கலைஞர்களும் அதிற் சேர்ந்திசைத்தனர். ஆனால் அழைப்பிதழ் உள்ளவர்களே அனுமதிக்கப்பட்டனர். நகரெங்கும் காவல், எதிர்ப்பாளர் அழைப்பில் கடையடைப்பு, எதிர்க்கச்சேரி ஒன்றும் நடந்தது. அதே நாளில் ஷோபியானில் துணைப்படையினரின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். மேத்தாவும் குறையை உணர்ந்தார். அடுத்தமுறை எல்லோரும் வரக்கூடிய மைதானத்தில் வாசிக்க வேண்டும் என்று மேடையிலேயே விரும்பினார். அந்த விருப்பம் மெய்யானது. ஆனால் அது கச்சேரி நடந்தபோது பிறந்தது. கோலைத் தொடுமுன்னரே பிறந்து, நிபந்தனையாகியிருக்க வேண்டியது.

காஷ்மீரத்தில் இசையே கூடாது என்று நான் சொல்லவில்லை. துயருற்ற மக்களுக்கு இசை எவரினும் மிகுதியாக வேண்டும். அவர்களுக்கென்று சொல்லி, அவர்களை வெளியே நிறுத்தி வாசிப்பதே தவறு.

இவ்வாறு தீர்ப்புக் கூற எனக்கு என்ன தகுதி? ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், தோட்டப்புறப் பாடசாலையொன்றின் விழாவில் மாணவர் பாடற்குழுவை நான் நடத்தினேன். பெரிய மனிதர் ஒருவர் வருகை தந்திருந்தார். மண்டபம் விருந்தினர்க்கு மட்டும் என்றார்கள். தம் பிள்ளைகள் பாடுவதைக் கேட்க, அரைப்பேரை இழந்து மலையிலிருந்து இறங்கி வந்த தாய்மார், கேற்றுக்கு வெளியே தூறலில் நின்றனர். நான் அவர்களைக் கண்டேன். கேற் என் பொறுப்பன்று, பாட்டே என் பொறுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையை உயர்த்தினேன். பிள்ளைகள் நன்றாகப் பாடினர். விழா முடிந்ததும் ஒரு சிறுமி கேட்டாள்: "அம்மாவுக்குக் கேட்டிருக்குமா, சேர்?"

நான் விடை சொல்லவில்லை. ஃபூர்ட்வெங்லரின் வாதத்தையும் மேத்தாவின் வாதத்தையும் என் சிறிய அளவில் நானும் சொல்லியிருந்தேன். அன்று நான் கையை உயர்த்தாமல் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் போதும், கேற்றைத் திறந்திருப்பார்கள். பாட்டில்லாமல் விழா தொடங்கியிராது. கோல் ஏந்தியவரின் உண்மையான வலிமை அதுவே: அவர் கை உயரும்வரை இசை தொடங்குவதில்லை. அந்த ஒரு கணம் முழுவதும் அவருக்கே உரியது. அப்போது அவர் திரும்பி வாயிலைப் பார்க்கலாம்.

நாமும் வகுப்பறைகளிற் கோல் ஏந்தியவர்களே. அடுத்த விழாவுக்குப் பிள்ளைகளைப் பாடச் சொல்லி என்னைக் கேட்பார்கள். எந்தப் பாட்டு என்று தேடுமுன், கேற் யாருக்குத் திறக்கும் என்று கேட்க எண்ணியிருக்கிறேன்.