எழுதுகோலும் இளைத்த கையும்

மருத்துவமனையினின்று இல்லம் திரும்பிய மறுநாட்காலை, நாட்காட்டியின் தாளைக் கிழிக்க முயன்றபோதுதான் நமது வலக்கை நம் சொற்கேளாமற் போனதை அறிந்தோம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தாள் நில்லாமல் நழுவிற்று. கடுஞ்சுரமும் நுரையீரல் அழற்சியுமாக 23 நாட்கள் படுக்கையிற் கிடந்து உயிர் மீண்டவர்க்கு இஃதொரு குறையா என்று கேட்கத் தோன்றும். நம்மைக் காண வந்தோர் பலரும் அவ்வாறே கூறினர். அவர்கள் கூற்றில் தவறில்லை. ஆயினும் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

காரணம் இது. நம் முன்னோர் இயற்றிய தமிழ் நூல்களைக் கையால் படியெடுத்து, விரும்பிக் கேட்போர்க்குக் கொடுப்பது நெடுநாளாக நமது வழக்கம். அச்சுநூல் கிடைக்கும் காலத்தில் இது தேவைதானா எனின், தேவையில்லை. பொழுதுபோக்கு என்றே கொள்ளலாம். நாம் மட்டும் அதனைச் சாஸ்திர தானம் என்று சொல்லிக்கொண்டு வந்தோம். நோயுற்றபோது யசோதர காவியத்தைப் படியெடுத்துக்கொண்டிருந்தோம். ஏறத்தாழப் பாதி முடிந்திருந்தது.

மருத்துவர் இரண்டு காரணம் சொன்னார். அசைவின்றிக் கிடப்போர்க்குத் தசைகள் விரைந்து மெலியும். கடுநோயில் இன்னும் விரைந்து மெலியும். இஃதொன்று. மற்றொன்று, முழங்கை மூட்டின் உட்புறத்தே எலும்பையொட்டி ஓடும் நரம்பு. கதவில் இடித்துக்கொண்டால் மின்சாரம் தாக்கினாற்போலச் சுரீரென்னுமே, அதே இடம். முழங்கையை மடக்கி ஊன்றியவாறே பலநாள் கிடந்தமையால் அந்நரம்பு அழுந்தியிருந்தது. கையிலுள்ள சிறு தசைகளிற் பெரும்பாலானவற்றை இயக்குவதும், சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் ஒரு பாதிக்கும் உணர்வு தருவதும் அதுவே. அழுந்தியது மட்டுமெனில் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீளும். உள்ளிழை அறுந்திருப்பின், நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே வளரும் என்றார். முழங்கையிலிருந்து உள்ளங்கைவரை அளந்து பார்த்தோம். ஓராண்டுக் கணக்கு வந்தது.

மெலிந்த கையைக் காட்டிலும் நம்மை அதிகம் கலக்கியது நமது மனத்தின் நிலை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஆர்த்தத்தியானம் நான்கு வகையாகக் கூறப்பட்டுள்ளது. விரும்பாதது வந்து சேர்தல், விரும்பியது பிரிதல், நோயின் வேதனை, இனி வரவேண்டும் இன்பத்தை எண்ணி ஏங்குதல் ஆகிய இவை பற்றி இடைவிடாது வருந்தி நினைப்பதே அது. எத்தனையோ கூட்டங்களில் இதனைப் பிறர்க்கு எடுத்துச் சொல்லியிருக்கிறோம். இப்போது நான்கும் ஒரே இரவில் வரிசையாக வந்து நின்றன. விரும்பியது பிரிந்தது என்றால், பிரிந்த பொருள் யாது? தானமா, வேறொன்றா?

விடையை நமது பேத்தி தந்தாள். "தாத்தா, நீங்கள் படித்துச் சொல்லுங்கள், மீதியை நான் எழுதிவிடுகிறேன்" என்றாள். வேண்டாம் என்று சட்டெனச் சொல்லிவிட்டோம். குழந்தையின் முகம் வாடியது. தானமே நோக்கமாயின், எழுதும் கை எவருடையதாக இருந்தால் என்ன? நாம் இழந்து வருந்தியது நமது எழுத்தின் அழகை. "முத்துக் கோத்தாற்போல" என்று பிறர் சொல்லக் கேட்டு மகிழ்ந்த அந்த மகிழ்ச்சியை. எண்வகை மதங்களுள் ஞானச்செருக்கு உண்டு, வலிமைச்செருக்கு உண்டு, உடலழகின் செருக்கும் உண்டு. கையெழுத்தின் செருக்கு இவற்றுள் எதன்பாற் படும் என்று இன்னும் துணிய முடியவில்லை. மூன்றிலும் சிறிது சிறிது இருக்கலாம்.

அப்படியானால் எழுதுவதையே விட்டுவிடுவது நன்றன்றோ எனில், அதற்கும் மனம் ஒப்பவில்லை. நண்பர் ஒருவர், "எல்லாம் வினைப்பயன், வந்ததை ஏற்றுக்கொண்டு சும்மா இருங்கள்" என்றார். அன்பினாற் சொன்னார், எனினும் இக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஆற்றலைத் தடுப்பது வீரியாந்தராய கர்மம் என்று கூறும் ஆகமமே, அதன் க்ஷயோபசமத்தால் ஆற்றல் வெளிப்படும் என்றும் கூறுகிறது. வினையின் பெயரைச் சொல்லி முயற்சியைக் கைவிடுவோர் பாதிப் பாடத்தையே படித்தவராவர். முயல்வது வேறு, ஏங்குவது வேறு. நாட்காட்டியைப் பார்த்துப் பார்த்து ஓராண்டை எண்ணுவது ஏக்கம். காலையில் வெந்நீரில் கையை வைத்திருந்து, பின் பத்து நிமிடம் மென்பந்தை அழுத்துவது முயற்சி. இரண்டும் ஒரே நெஞ்சில் அடுத்தடுத்து நிகழ்வதால் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டுவிடுகிறோம்.

இயன்முறை மருத்துவர், சிறு பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பழகுமாறு கூறினார். எம் துணைவியார் ஒரு முறம் துவரம்பருப்பைக் கொணர்ந்து வைத்து, "கல் பொறுக்குங்கள், உங்களுக்கும் ஆயிற்று, எனக்கும் ஆயிற்று" என்றார். மூன்றாம் நாள், முறத்தில் படிந்திருந்த சுண்டுவிரலை எடுத்தபோது அதன் அடியில் ஒரு சிறு வண்டு நசுங்கிக் கிடந்தது. நமக்கு உணர்வே எழவில்லை.

இதனை எங்ஙனம் கொள்வது? யசோதரன் வெட்டியது உயிரில்லாத மாக்கோழி. ஆயினும் கொலையெண்ணம் கலந்தமையால் அவன் பிறவிதோறும் துன்புற்றான். நாம் கொன்றது உயிருள்ள வண்டு, எண்ணமோ இல்லை. காவியத்தின் துணைகொண்டு நம்மை விடுவித்துக்கொள்ளலாம் போலத் தோன்றிற்று. ஆனால் இம்சையின் இலக்கணம் பிரமத்த யோகம், அதாவது சோர்வுடைய செயல், என்பதில் தொடங்குகிறது. (பிரமாதம் என்னும் சொல் இன்று பாராட்டாக வழங்குவது வேடிக்கையே.) விரலில் உணர்வில்லை என்பதை அறிந்திருந்தும் கண்ணை வேறெங்கோ வைத்திருந்தோம். உணர்விழந்தது விரலின் குற்றமன்று. பாராதிருந்தது நமது குற்றம். அன்றுமுதல் பகலொளியில் மட்டும், பருப்பைத் தட்டில் பரப்பி, கண்ணால் முழுதும் பார்த்த பின்னரே கை வைக்கிறோம். விரல் நலமாயிருந்த காலத்தில் இத்தனை கவனம் நம்மிடம் இருந்ததில்லை.

எழுத்துக்கு வருவோம். மெல்லிய பேனா விரலில் நில்லாமையால் அதன்மேல் பருத்தித் துணியைத் தடிக்கச் சுற்றிக்கொண்டோம். பந்துமுனைப் பேனாவை அழுத்தியெழுத வேண்டும். மைப்பேனா அவ்வளவு அழுத்தம் கேட்பதில்லை. சாய்ந்த பலகையும் துணை செய்கிறது. ஓலையில் எழுதியோரை இந்நாட்களில் அடிக்கடி நினைக்கிறோம். இடக்கையில் ஓலையைப் பற்றி, இடக் கட்டைவிரலின் நகத்தில் எழுத்தாணியை அணைத்து நகர்த்தியெழுதினர். ஓலை பொத்துப்போகும் என்று மெய்யெழுத்தின் புள்ளியையும் விட்டனர். எழுதி முடித்து, பிழை பொறுக்குமாறு படிப்போரை வேண்டிக்கொண்டோரும் அவருள் பலர். அவ்வேண்டுகோளை வெறும் மரபு என்றே முன்பு எண்ணியிருந்தோம். தேய்ந்த விரலோடு எழுதியவர் எத்தனை பேரோ!

பேத்தியிடம் சென்று, மீதியை இருவரும் எழுதலாமா என்று கேட்டோம். சிறிது நேரம் பிகு செய்துகொண்டு பின் சம்மதித்தாள். நாளொன்றுக்கு ஒரு செய்யுள் நாம். இரண்டு செய்யுள் அவள். நம் வரிகள் ஏறியும் இறங்கியும் செல்கின்றன. அவள் றகரத்தையும் ரகரத்தையும் மாற்றிவிடுகிறாள்; திருத்தினால் "உங்கள் எழுத்தைவிடத் தெளிவாகத்தானே இருக்கிறது?" என்கிறாள். மறுக்க இயலவில்லை.

கையேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பழைய எழுத்து நின்று புதியது தொடங்குகிறது. நடுங்கும் பகுதியைக் கிழித்துவிட்டு, கை தேறியபின் மீண்டும் எழுதிச் சேர்க்கும் எண்ணம் இருந்தது. படியைக் கேட்டிருந்த குடும்பத்தார் சென்ற வாரம் வந்து புரட்டிப் பார்த்தனர். அப்பக்கத்தில் சற்றே நின்றனர், ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும் அப்படியே தைத்துக் கொடுங்கள் என்று சொல்லிச் சென்றனர். இன்னும் நூறு செய்யுட்களுக்குமேல் இருக்கின்றன.