கண்ணும் செவியும் சொல்லும் காலம்

சீடன்: சுவாமி, நேற்று மாலை தென்காசி யானைப்பாலத்தின் மேல் நின்று சிற்றாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகு தூரத்தில் ஒருவர் கரையோரக் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். துணி கல்லில் விழுந்தபோது ஓசை இல்லை; அவர் அதை மறுபடியும் தலைக்கு மேலே ஓங்கிய பிறகே, முன்பு அடித்த அடியின் ஓசை என் காதை எட்டியது. ஒலி மெதுவாக வருகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறிவான். என் ஐயம் அதுவன்று. அருகே சென்றேன், அடியும் ஓசையும் ஒன்றாயின. அவ்விரண்டும் ஒன்றானது உலகத்திலா, என் மனத்திலா?

குரு: கேட்க வேண்டிய இடத்தில் கேட்டாய். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,100 அடி செல்கிறது. ஐந்நூறு அடி தூரத்தில் நின்றவனுக்கு அது ஏறத்தாழ அரை விநாடி பிந்தி வருவதில் வியப்பில்லை. ஆனால் இது உடலுக்கு வெளியே நடக்கும் பிரயாணம் மட்டுமே. உடலுக்கு உள்ளேயும் ஒரு பிரயாணம் உண்டு. நரம்பில் ஓடும் செய்தியின் வேகம் அளவுக்கு அடங்காதது என்றே அறிஞர்கள் எண்ணியிருந்த காலத்தில், 1850ஆம் ஆண்டு ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் தவளையின் நரம்பில் அதை அளந்து, விநாடிக்குத் தொண்ணூறு அடி அளவே என்று காட்டினார். அதிலும் கண்ணுக்குள் ஒளி ரசாயன மாறுதலாகித்தான் நரம்பில் ஏறவேண்டும். காதிலோ அதிர்வு அவ்வளவு தாமதமின்றி நரம்பைத் தூண்டிவிடுகிறது. ஆகவே காற்றில் முந்துவது காட்சி, தேகத்தில் முந்துவது ஓசை. ஏறத்தாழ நாற்பது அடி தூரத்தில் நிகழ்வதே இரண்டு வழியாகவும் ஒரே சமயத்தில் மனத்தின் வாயிலை அடைகிறது. அதைவிடக் கிட்டத்தில் நிகழ்ந்தால் ஓசைதான் முன்னே வருகிறது. அப்படியிருந்தும் உனக்கு அருகில் நிகழ்ந்தவை எல்லாம் ஒருங்கே நிகழ்ந்தனவாகவே தோன்றின அல்லவா?

ஊர்ப் பஞ்சாயத்தை நினைத்துப் பார். சாட்சிகள் இருவர். ஒருவன் காலையிலேயே வந்துவிட்டான், மற்றவன் சற்றுப் பிந்தி வந்தான் என்பதற்காக, முன்னவன் கண்டது முன்னே நடந்தது, பின்னவன் கண்டது பின்னே நடந்தது என்று எந்தப் பெரியவரும் முடிவு செய்வதில்லை. சாட்சி வந்த நேரம் வேறு, சாட்சியம் சொல்லும் நேரம் வேறு. இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு, இது ஒரே சம்பவம் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். நீ கண்ட ஒருமை அத்தகைய தீர்ப்பு.

சீடன்: நியாய தரிசனம் இதற்கு மாறுபடுகிறதே, சுவாமி. மனம் அணு பரிமாணமுடையது, ஒரே க்ஷணத்தில் இரண்டு இந்திரியங்களோடு அது சேராது, ஞானங்கள் ஒருங்கே உண்டாகாமையே மனம் ஒன்று உண்டென்பதற்கு அடையாளம் என்றல்லவா கௌதமர் சூத்திரம் செய்தார்? இருவரையும் சேர்த்து விசாரிக்க அந்தப் பஞ்சாயத்துக்கு இடமேது?

குரு: அந்த வாதத்தை நானும் பல காலம் சுமந்திருக்கிறேன். நீண்ட மொறுமொறுப்பான பணியாரம் ஒன்றைத் தின்கிறவனுக்கு அதன் நிறம், மணம், சுவை, ஸ்பரிசம், கடிக்கும் ஓசை ஐந்தும் ஒருங்கே தோன்றுகின்றனவே என்று எதிரி கேட்டான். நூறு தாமரை இதழ்களை அடுக்கி ஊசியால் குத்தினால் ஒரே குத்தில் துளைத்ததாகத் தோன்றினாலும் இதழ் இதழாகவே ஊசி சென்றது போல, வேகத்தினால் கிரமம் தெரியவில்லை என்று நையாயிகர் விடை கூறினார். சுழற்றும் கொள்ளி வட்டமாகத் தோன்றுவதையும் சூத்திரமே எடுத்துக் காட்டுகிறது. கிரமம் உண்டு, அது தெரிவதில்லை என்பது வரை எனக்குச் சம்மதம். ஆனால் ஒருமை என்பது கிரமத்தைக் காணமாட்டாத குறை மாத்திரமே என்றால், ஓசை முந்தினாலும் காட்சி முந்தினாலும் நாம் ஒரே அளவாக ஏமாறவேண்டும். அப்படி ஏமாறுவதில்லை. சினிமாவில் உதட்டசைவுக்கு வசனம் சிறிது பிந்தினால் பொறுத்துக்கொள்கிறோம்; அதே அளவு முந்திவிட்டாலோ உடனே உறுத்துகிறது. ஏன்? உடலுக்கு வெளியே ஓசை காட்சிக்குப் பிந்தி வருமேயன்றி முந்தி வருவதில்லை. செவி என்னும் சாட்சி பிந்தி வருகிறவன் என்பது பஞ்சாயத்துக்குத் தெரியும். இது அறியாமையின் காரியமாக எனக்குத் தோன்றவில்லை. வழக்கறிந்த ஒரு விசாரணையின் காரியம்.

சீடன்: பிந்தி வருகிறவன் என்று தெரிந்திருக்க, துணி துவைத்தவரின் ஓசையை மட்டும் அது மன்னிக்கவில்லையே?

குரு: இங்கேதான் நீ என்னைச் சரியாகப் பிடித்தாய், நானும் இதிலேதான் வெகு நாள் சிக்கியிருந்தேன். பஞ்சாயத்து ஒத்திவைக்கலாம், ஓயாமல் ஒத்திவைக்க முடியாது. பாம்பைக் கண்டவன் காலை எடுக்கவேண்டும். தவில்காரர் அடுத்த அடியை அடிக்கவேண்டும். ஆகையால் விநாடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோதான் மனம் காத்திருக்கிறது. அரை விநாடி காத்திருந்தால் ஒருவர் அடித்த அடியின் ஓசை அடுத்த ஓங்கலோடு சேர்ந்து, வழக்குகள் ஒன்றோடொன்று கலந்துபோகும். ஆயினும் அந்த எல்லை கல்லில் வெட்டியதன்று. ஜப்பானில் நடத்தப்பட்டு 2004ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஒளி மின்னியபின் ஏறத்தாழக் கால் விநாடி கழித்தே ஒலி எழும்படி சில நிமிஷங்கள் காட்டிச் சிலரைப் பழக்கினார்கள். அதன்பின் ஒருங்கே நிகழ்ந்தன என்று அம்மனிதர் தீர்ப்பளித்த இடமே ஒலியின் தாமதத்தை நோக்கிச் சற்று நகர்ந்துவிட்டது. தினந்தோறும் பிந்தி வருகிற சாட்சிக்குப் பஞ்சாயத்து தன் கடிகாரத்தையே தள்ளிவைத்துக்கொள்கிறது.

இன்னொன்றும் கேள். சாரல் காலத்தில் குற்றாலத்துக் கடைவீதியிலிருந்து பேரருவியைப் பார்க்கிறாயே, அங்கே பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து எழும் நீரின் ஓசையும் உனக்குப் பிந்தித்தான் வருகிறது. நீ ஒருநாளாவது அதை உணர்ந்தாயா? உணரமாட்டாய். இடையறாத முழக்கத்துக்குத் தொடக்கமும் இல்லை, விளிம்பும் இல்லை. இது இன்ன நீரின் ஓசை என்று சுட்ட இயலாது. துவைத்த அடிக்கு விளிம்பு உண்டு, அதனாலேயே அதன் தாமதம் அகப்பட்டது. காலம் குறிக்க முடியாத சாட்சியத்தில் முன்பின் என்னும் விசாரணையே எழுவதில்லை. அருவிக்கரையில் நிற்பவர்களுக்குக் காலம் போவது தெரிவதில்லை என்பார்களே, அதற்கும் இதற்கும் உறவு உண்டோ என்று நான் எண்ணுவதுண்டு. ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் யுக்தி இல்லை.

சீடன்: அருவியை உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையை நோக்கினால் பாறை மேலே ஏறுவது போலத் தோன்றுகிறதே, சுவாமி?

குரு: அது ஒரே சாட்சியின் தடுமாற்றம். நம் வழக்கு இரு சாட்சிகளைப் பற்றியது. அதை விடு.

சீடன்: மனம் இப்படித் தீர்ப்பளிக்கிறது என்றால், கண்ணையும் செவியையும் கொண்டு அளந்தவர்களின் கணக்கை எப்படி நம்புவது?

குரு: நம்பாமல் ஒருவருடைய பிழைப்பே போயிருக்கிறது. அந்நாளில் இங்கிலாந்தின் கிரீன்விச் வான்நோக்குக்கூடத்தில் கடிகாரத்தின் துடிப்பைச் செவியால் கேட்டுக்கொண்டே நட்சத்திரம் தூரதரிசினியின் கம்பியைக் கடக்கும் க்ஷணத்தைக் கண்ணால் குறிப்பார்கள். மாஸ்கலைன் என்ற தலைவருடைய கணக்குக்கும் அவருடைய உதவியாளர் கின்னெப்ரூக்கின் கணக்குக்கும் விநாடியில் பத்தில் எட்டுப் பங்கு வேற்றுமை வந்தது. 1796இல் உதவியாளர் விலக்கப்பட்டார். கண்ணையும் செவியையும் இணைப்பதில் மனிதருக்கு மனிதர் நிலையான ஒரு வேற்றுமை உண்டு, அது கவனக்குறைவன்று என்பதைப் பின்னாளில் பெஸ்ஸல் என்பவர் ஆராய்ந்து காட்டினார்.

நம் சென்னையின் கதை இதைவிட நல்லது. நுங்கம்பாக்கத்து வான்நோக்குக்கூடத்தின் தலைவராயிருந்த ஜான் கோல்டிங்ஹாம், கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடிக்கும் பீரங்கிகளின் ஒளியையும் முழக்கத்தையும் குறித்து, ஒலியின் வேகத்தை அளந்து 1823இல் வெளியிட்டார். கோட்டை இரண்டரை மைலுக்குச் சற்று மேல், மலை ஐந்தரை மைலுக்குச் சற்று மேல். ஒன்றின் முழக்கம் பன்னிரண்டு விநாடியளவில் வரும், மற்றதன் முழக்கம் இருபத்தாறு விநாடியளவில் வரும். நோக்குகிறவனுடைய பிறவித் தாமதம் இரண்டு கணக்கிலும் ஒரே அளவாய்ப் புகுந்திருக்கும். ஆகவே நீ ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அவனுடைய பங்கு தானே விழுந்துவிடும். மிஞ்சும் பதினான்கு விநாடியும் மூன்று மைலும் காற்றுக்கே உரியவை. குளிர்ந்த மாதங்களில் வேகம் குறைந்தும் வெப்ப மாதங்களில் மிகுந்தும் இருப்பதைக்கூட அவருடைய குறிப்புகள் பிடித்துவிட்டன.