கனத்தைக் குறைப்பது பற்றி

பழைய அம்பாஸடர் காருக்கு எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் பொருத்துவது தகுமா, தகாதா என்பதை ஒரு தார்மீகப் பிரச்னையாக எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இப்பத்திரிகையின் பக்கங்களுக்கு இது ஒவ்வாத விஷயம் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். சுதந்திரம், மரணம், அந்நியமாதல் போன்ற பெரிய சொற்களில் வந்தால்தான் பிரச்னை பிரச்னையாகும் என்கிற பழக்கம் நமக்கு ஏற்பட்டுவிட்டது. அப்படி வருகிறபோது அவை யார் மேலும் படாமல் போய்விடுகின்றன என்பது என் அபிப்பிராயம். ஒரு கிழவரின் வலது தோள் ஒரு காரின் முன்சக்கரத்தைத் திருப்பமாட்டாமல் நிற்கிற இடத்தில் 'உதவி' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால், ஏதாவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

கிழவர் என் பெரியப்பா. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று செங்கல்பட்டில் இருக்கிறார். கார் 1984ஆம் வருஷத்து மார்க் 4. 1996இல் செகண்ட்ஹாண்டில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதில் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பதுதான் ஓய்வுக்குப் பிறகு அவருடைய வாழ்க்கை. அம்பாஸடரின் பூர்வீகம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசை என்பது தெரிந்ததுதான். உத்தரபாராவில் 2014 மே மாதம் வரை அதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஸ்டியரிங் ரேக்-பினியன் அமைப்பு. ஓடும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. நிற்கும்போதுதான் வண்டி தன் எடையைக் காட்டும். ஓடுகிற டயர் உருண்டுகொண்டே திரும்புகிறது. நிற்கிற டயர் தரையோடு தேய்ந்து திரும்ப வேண்டும். அந்தத் தேய்ப்பு முழுவதும் தோளுக்கு வந்து சேர்கிறது. தோளில் தசைநார் கிழிந்து ஆபரேஷன் ஆனபின் பெரியப்பாவால் மதுராந்தகம் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்ப முடிந்தது. வீட்டு கேட்டுக்குள் வண்டியை நுழைக்க முடியவில்லை.

எனக்குத் தெரிந்த கவிஞர் ஒருவர், பழைய கார்களின் மேலும் பித்துக்கொண்டவர், இந்த யோசனையைக் கேட்டதும் முகம் சுளித்தார். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். அம்பாஸடரின் கனம் அதன் குறையல்ல, அதன் சுபாவம். கனத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அம்பாஸடர் வேஷம் போட்ட வேறொரு வண்டி. முடியாதவர் ஓட்டாமல் இருந்துவிடலாம். வண்டி என்ன பாவம் செய்தது? இவர் கவிதையைப் பற்றியும் இதேபோலத்தான் பேசுவார். புரியவில்லை என்பவனுக்காக ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது என்பது அவர் கட்சி. அதில் நானும் பெரும்பாலும் அவர் பக்கம்தான். ஆகவே இவருடைய வாதத்தைச் சுலபமாக ஒதுக்கிவிட எனக்கு வழியில்லை.

ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்தவனுக்கு இந்த இடத்தில் தீசியஸின் கப்பல் ஞாபகத்துக்கு வந்தே தீரும். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் அது பழைய கப்பல்தானா என்பது புளூட்டார்க் சொல்லிவைத்த புதிர். கழற்றிப் போட்ட பலகைகளை யாரோ ஒருவன் பொறுக்கிச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டிவிட்டால் எது அசல் என்று 1655இல் ஹாப்ஸ் அதை இன்னும் கொஞ்சம் முறுக்கினார். அழகான புதிர்தான். ஆனால் கப்பலைக் கரையில் நின்று பார்க்கிறவனின் புதிர் அது. உள்ளே துடுப்பு வலிப்பவனைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. தவிரவும், பெரியப்பாவின் வண்டியில் ஆல்டர்னேட்டர் எப்போதோ மாற்றியாகிவிட்டது, முன்விளக்கு மாற்றியாகிவிட்டது, என்ஜினின் உள்ளுறுப்புகளில் பாதி மாற்றியாகிவிட்டது. இவை எதற்கும் கவிஞர் வருத்தப்பட்டதில்லை. கனத்தில் கைவைக்கும்போது மட்டும் அவருக்கு அசல் கெட்டுப்போகிறது. கனத்தைச் சுமப்பது அவர் தோள் இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்வது வசை ஆகிவிடும். இருந்தாலும் அது உண்மை.

பெரியப்பாவிடம், டிரைவர் ஒருவரை வைத்துக்கொள்ளக்கூடாதா என்று கேட்டேன். "வெச்சுக்கலாம்பா. அதுவும் ஒத்தாசைதான். ஆனா அவன் வந்தா நான் பின்னாடி சீட்டுக்குப் போயிடணுமே" என்றார்.

இந்தப் பதிலைக் கேட்டபின்தான் அந்த யந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினேன். யந்திரத்தை உதவிக்கு அழைப்பது புதிதல்ல. 1926இல் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கர் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங்கை ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் பொருத்திக் காட்டினார். கடைக்கு வந்த காரில் அது இடம்பெற 1951இல் கிரைஸ்லர் இம்பீரியல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எண்ணெயை நீக்கி மின்மோட்டாரை வைத்தது ஜப்பானில், 1988இல், சுஸுகி செர்வோ என்ற குட்டி வண்டியில். இந்த மின் அமைப்பு எண்ணெய் பம்ப், குழாய் எதுவும் கேட்காமல் ஸ்டியரிங் தண்டிலேயே அடங்கிவிடுவதால்தான் பழைய வண்டிக்காரர்கள் அதைத் தேடிப் போகிறார்கள்.

அதன் உள்ளே இருப்பது எளிமையான ஏற்பாடு. தண்டை மேல் கீழாக இரண்டாகப் பிரித்து நடுவில் முறுக்கிக்கொள்ளக்கூடிய ஒரு மெல்லிய எஃகுக் கம்பியை வைத்திருக்கிறார்கள். கை மேலே திருப்புகிறது. கீழே சக்கரங்கள் மறுக்கின்றன. இந்த விருப்பத்துக்கும் மறுப்புக்கும் இடையில் கம்பி ஒருசில டிகிரி முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கை ஒரு சென்ஸார் அளந்து சொல்ல, அதற்குத் தக்க அளவில் மோட்டார் ஒரு பல்சக்கரத்தின் வழியாகத் தண்டின் கீழ்ப்பகுதியைத் தள்ளிக்கொடுக்கிறது. கையை எடுத்துவிட்டால் முறுக்கு இல்லை; முறுக்கு இல்லையென்றால் உதவியும் இல்லை. மின்சாரம் செத்துப்போனாலும் தண்டு தண்டாகவே இருக்கும். பழைய கனத்தோடு, அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதலான கனத்தோடு, கையால் திருப்பிக்கொள்ளலாம். மோட்டாருக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொந்தமாக ஒரு அபிப்பிராயம் கிடையாது. உதவி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றுகிறது. முதலில் ஒருவன் முயல வேண்டும். அவன் முயற்சிக்கும் உலகத்தின் மறுப்புக்கும் இடையில் விழுகிற முறுக்கை அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு, அந்த அளவுக்கு மட்டும்.

நான் வங்கியில் கவுண்டரில் உட்காருகிற கிளார்க். மாத முதல் வாரத்தில் முதியோர் பென்ஷன் எடுக்க வருகிற பெண்கள் படிவத்தை என் பக்கம் தள்ளி, "நீயே எழுதிக் குடு சாமி" என்பார்கள். எழுதிக் கொடுப்பேன். பெயர், கணக்கு எண், தேதி எல்லாம் நான் எழுதலாம். "எவ்வளவும்மா எடுக்கணும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வரிசை நீளமாக இருக்கும்போது, "போன மாசம் மாதிரி ஆயிரந்தானே?" என்று ஒரு குரல் எங்களுக்குள்ளிருந்து எழும். அந்த அம்மாள் தலையாட்டிவிடுவாள். அவள் ஆட்டியது தலையை மட்டும்தான், தொகையை முடிவு செய்தது கிளார்க்கின் அவசரம். சட்டம் இதில் எங்களைவிட நுட்பமானது. கைநாட்டுகூட வைக்க முடியாத நோயாளியிடம் கால்விரல் ரேகை வாங்கிக்கொள்ளலாம். இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். உடம்பில் எந்த மூலையிலாவது ஒரு அசைவு மிஞ்சியிருந்தால் அதிலிருந்துதான் காரியம் தொடங்க வேண்டும் என்பது அந்த விதியின் உள்ளர்த்தம். அந்த விதியை எழுதியவர் யாரென்று தெரியாது. நல்ல விமர்சகராக வந்திருப்பார்.

கவிஞருடைய கட்சிக்கு உரிய நியாயத்தையும் செய்துவிட வேண்டும். ஸ்டியரிங்கின் கனத்தில் சுமை மட்டும் இல்லை, சேதியும் இருக்கிறது. திருப்பிய சக்கரம் தானாக நேராகிவிடப் பார்க்கும். அந்த இழுப்பு கைக்கு வருகிறது. மழையில் டயர் பிடி நழுவத் தொடங்கும்போது இழுப்பு தளர்கிறது. கண்ணுக்குத் தெரியும் முன்பே கை அறிந்துகொள்கிறது. மெர்லோ-போந்தி 1945இல் எழுதிய புத்தகத்தில் பார்வையற்றவனின் கைத்தடியைப் பற்றிச் சொல்கிறார்: பழகியவனுக்குத் தடி என்ற பொருள் மறைந்துபோய், தடியின் முனையே தொடுவுணர்ச்சியின் எல்லையாகிவிடுகிறது என்று. ஸ்டியரிங்கும் அப்படியொரு தடிதான். அதன் நடுவில் ஒரு மோட்டாரைச் செருகினால் தடியின் முனையில் பஞ்சு சுற்றியது போலாகிவிடும் அபாயம் உண்டு. இதை மறுக்கிறவர்கள் மழையில் பழைய வண்டி ஓட்டியிராதவர்கள்.

ஆகவே கேள்வி, உதவி வேண்டுமா வேண்டாமா என்பதிலிருந்து எப்போது, எவ்வளவு என்பதற்கு வந்துவிடுகிறது. புதிய கார்களில் இதற்கு வழி இருக்கிறது. வண்டியின் வேகம் கன்ட்ரோல் பெட்டிக்குத் தெரியும். நிற்கும்போது நிறைய, வேகம் ஏற ஏறக் குறைவாக என்று அது கணக்கிட்டுக் கொடுக்கிறது. பழைய வண்டிக்குப் பெயர்த்துக் கொண்டுவரும்போதுதான் சிக்கல். அம்பாஸடர் தன் வேகத்தை இந்தப் பெட்டிக்குப் புரிகிற பாஷையில் சொல்லாது. இங்கிலாந்தில் மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் வாக்ஸ்ஹால் கோர்ஸாவின் தண்டை விரும்பி எடுத்துப் பொருத்துவதற்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. வேகத்தைப் பற்றிய சேதி வராவிட்டால் அந்தப் பெட்டி செயலை நிறுத்திவிடுவதில்லை. நடுத்தரமான ஒரு உதவியை எல்லா வேகத்துக்கும் ஒன்றுபோல் கொடுத்துக்கொண்டிருக்கும். கேட்டில் நுழையும்போது போதாமலும், நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டரில் போகும்போது தேவைக்கு மேலாகவும் படக்கூடிய உதவி. நம் விமர்சனக் கட்டுரைகளில் பெரும்பாலானவை எனக்கு இந்தப் பெட்டியைத்தான் நினைவூட்டுகின்றன. எந்தக் கவிதை, எந்த வாசகன், அவன் எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறான் என்பது தெரியாமல் எல்லோருக்கும் ஒரே அளவில் பொழிப்புரை. பாராட்டும் அதே அளவில். உவமையை இதற்கு மேல் இழுக்க விருப்பமில்லை.

இந்தக் குறைக்கு மாற்றாகச் சிலர் ஒரு திருகுகுமிழ் வைத்துக்கொள்கிறார்கள். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவதுபோல் உதவியைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது. எவ்வளவு உதவி வேண்டும் என்பதையும் உதவி பெறுகிறவனே சொல்கிறான் என்பதால்.

சுத்தம் பற்றி இவ்வளவு பேசிய கவிஞரும், அவருக்கு மறுப்புச் சொல்வதில் ஈடுபட்ட நானும் கேட்காத ஒரு கேள்வியை மெக்கானிக் கேட்டார். "தண்டு எங்கேருந்து வருது?" புதுப்பேட்டையிலிருந்து. புதுப்பேட்டைக்கு வருகிற தண்டு பெரும்பாலும் ஏதோ ஒரு வண்டி அப்பளமாக நொறுங்கியதால் வருகிறது. அந்த விபத்தில் அது எந்த அளவு வளைந்தது, நிமிர்த்தப்பட்டதா, சென்ஸார் நேராக இருக்கிறதா என்பதைப் பெயின்ட் பூச்சின் மேல் பார்த்துச் சொல்ல முடியாது. அடுத்து, இரண்டு வெவ்வேறு வண்டிகளின் தண்டுகளை ஒன்றாக்க வேண்டும். சுலபமான வழி அறுத்து வெல்டிங் வைப்பது. நன்றாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், விட்டுப்போகிற நாள் வரை. விட்டுப்போனால் கைக்கும் சக்கரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. அந்த நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டு எதிரே வருகிற பிள்ளைகள், அசலா மாற்றா என்ற நம் விவாதத்தில் கலந்துகொண்டவர்கள் அல்லர். தோளின் வலி சொந்த விஷயம், ரசனை சொந்த விஷயம். ஸ்டியரிங் தண்டு சொந்த விஷயமல்ல.

மெக்கானிக் வெல்டிங் வைக்க மறுத்துவிட்டார். பல்வரி வெட்டிய இணைப்பும் யூனிவர்ஸல் ஜாயின்ட்டும் போட்டுத்தான் செய்வேன், அதற்கு லேத்தில் மூன்று நாள் ஆகும் என்றார். இந்த மூன்று நாளுக்கு ஆகிற கூலியில்தான் மொத்தப் பிரச்னையின் தார்மீகமும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. சட்டமும் இந்தத் திசையில் பார்ப்பதாகத்தான் சொல்லிக்கொள்கிறது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாகும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் நிறம் உண்டு, இருக்கைகளின் எண்ணிக்கை உண்டு. ஸ்டியரிங் தண்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வெல்டிங்கா பல்வரியா என்பது அதைச் செய்தவருக்கும் அவர் மனசாட்சிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

மீதியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். மோட்டார் சில நொடிகளுக்கு முப்பது நாற்பது ஆம்பியர் கேட்கும், அதுவும் என்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து. பழைய டைனமோவாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் அதனால் ஏறக்குறைய ஒன்றும் கொடுத்திருக்க முடியாது. ஆல்டர்னேட்டர் முன்பே மாற்றியிருந்தது இங்கே கைகொடுத்தது. மார்க் 4இல் கியர் ஸ்டியரிங்கோடு இருப்பதால் தண்டை ஒட்டி ஓடுகிற கியர்க் கம்பிகளும் மோட்டாரும் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டன. கியரைத் தரைக்கு மாற்றிவிடலாமே என்ற யோசனைக்குப் பெரியப்பா இணங்கவில்லை. அது தோளுக்குச் சம்பந்தமில்லாத மாற்றம் என்றார். மோட்டாரை மேல்நோக்கித் திருப்பி வைக்க ஒரு பிராக்கெட் செய்தார்கள். இப்போது வண்டி கேட்டுக்குள் நுழைகிறது. குமிழ் பாதிக்குக் கீழேதான் இருக்கிறது. பைபாஸில் ஏறும்போது அதை இன்னும் குறைத்துக்கொள்கிறார்.

அசல் தண்டை யாரும் அறுக்கவில்லை. புதுப்பேட்டையில் வேறொரு பழைய அம்பாஸடரின் தண்டை வாங்கி அதைத்தான் அறுத்தார்கள். அசல், கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றிப் பரணில் கிடக்கிறது. கவிஞர் அதற்கு விலை கேட்டிருக்கிறார். பெரியப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.