மலிவு விலையும் மறைத்த குறையும்

"எதை எடுத்தாலும் ஒரே விலை" என்ற பலகை தொங்காத சிற்றூர் இன்று அரிது. 1879-ல் அமெரிக்காவில் ஃபிராங்க் வுல்வொர்த் ஐந்து சென்ட் கடை திறந்து பரப்பிய வியாபார முறை இது. நம்மில் பலருக்கும் இப்போது இதுவே ஜீவனம். மலிவாக விற்பது குற்றமா? ஒருபோதும் இல்லை. ஏழை வீட்டுக்கு ஒரு வாளியும் குவளையும் சேர்வது நன்மையே.

ஆனால், விலை குறைவு என்பதற்காகக் குறையைச் சொல்லாமல் விற்கலாமா? "இந்த விலைக்கு வேறென்ன கிடைக்கும்?" என்ற சமாதானம் அல்லாஹ்விடம் செல்லுமா?

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலை எண்ணிப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் அங்கே 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான விடுதி திறக்கப்பட்டது. பெற்றோரைப் பிரிந்து வந்த பிள்ளைகள், சம்பளம் கைக்கு வந்ததும் சாமான் வாங்க வருவார்கள். கைப்பிடியில் விரிசல் விட்ட வாளியை வாங்கிச் சென்ற பெண், ஷிப்ட் முடிந்த களைப்பில் திரும்பி வந்து நியாயம் கேட்பாளா? அடுத்த வருஷம் அவள் எந்த ஊரிலோ! முன்பு ஊர்க் கடைக்காரர் நாணயமாக நடந்ததற்கு இறையச்சத்தோடு, நாளைக்கும் அதே முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற கூச்சமும் காரணம். அந்தக் கூச்சம் போன இடத்தில் இறையச்சம் ஒன்றே காவல். நம் ஈமானுக்குச் சோதனை அங்கேதான்.

தானியக் குவியல் ஒன்றினுள் கைவிட்டு ஈரம் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஈரம் மறைந்திருந்ததே அங்கே குற்றமாயிற்று.

"விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று எழுதி வைத்துவிட்டால், தெரிந்தே மறைத்த பாவம் நீங்கிவிடாது. குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், பில்லில் கெடு குறிக்காவிடில் 30 நாட்களுக்குள் அதனைத் திரும்ப ஏற்க மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. நாட்டுச் சட்டத்துக்கும் பின்னால் நாம் நிற்கலாமா?

வாங்குவோருக்கும் கடமை உண்டு. மலிவென்று தேவையற்றதை அள்ளி வருவது வீண்விரயம். நாமே உடைத்துவிட்டுக் கடைக்காரர் மேல் பழி போடுவதும் மோசடியே.

வழி எளிது. குறையுள்ளதைத் தனியே வைப்போம். இன்ன குறை என்று சொல்லுவோம். இன்னும் விலை குறைத்துக் கொடுப்போம். லாபத்தில் சில ரூபாய் குறையலாம், பரக்கத் குறையாது. அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி வைப்பானாக! ஆமீன்.