ஒரு சிட்டிகை வெந்தயம்

சமையல் பக்குவம் கேட்கிறவளிடம் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகுமா? அற்பக் கேள்வி என்று சிரிக்கலாம். இதற்காக எங்கள் குடும்பத்தில் இரண்டு பெண்கள் பதினொரு வருஷம் கடிதமே எழுதிக் கொள்ளவில்லை.

என் தாயார் கல்யாணமாகி உதகைக்கு வந்தது 1972-ல். அப்பாவுக்கோ, கும்பகோணத்தில் இருந்த தம் தமக்கை வைக்கும் சாம்பார்தான் சாம்பார். புதுப்பெண் என்ன செய்வாள்? நாத்தனாருக்கு எழுதிக் கேட்டாள். பருப்புக்கு ஆழாக்குக் கணக்கு, புளிக்கு எலுமிச்சங்காய்க் கணக்கு என்று ஒழுங்காகப் பதில் வந்தது. அப்படியே செய்தாள். பருப்பு வேகவில்லை. இரண்டு மடங்கு நேரம் அடுப்பில் கிடந்தும் முழித்துக்கொண்டு நின்றது. அப்பா தட்டைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் வினை.

"உங்க அக்கா எதையோ மறைச்சுத்தான் எழுதியிருக்காங்க" என்றாள் அம்மா. சொன்னதோடு நிற்காமல் அதைக் கடிதத்திலும் எழுதிவிட்டாள்.

மர்மத்தை உடைத்தவர் பக்கத்து வீட்டுப் படகர் அம்மாள். அவரைக்கொட்டையை ஆண்டாண்டாக வேகவைத்த அநுபவம்! "ராத்திரியே ஊறப்போடு; வெந்த பிறகு புளியை ஊற்று" என்றார். உதகை கடல் மட்டத்துக்குச் சுமார் 2,240 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு; தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் சூடு ஏறாது. புளிப்பு சேர்ந்தால் பருப்பு இன்னும் பிடிவாதம் பிடிக்கும். கும்பகோணத்து அடுப்புக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

அம்மாவுக்குத் தன் தவறு புரிந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்டு எழுதக் கை வரவில்லை. பதினொரு வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில், காய் நறுக்கும் இடத்தில்தான் சொன்னாள். அத்தை அரிவாள்மணையை விட்டு நிமிர்ந்தாளாம்.

"பருப்பு வேகாததுக்கு நான் பழியில்லை. ஆனா மறைச்சது நிஜந்தான். இறக்கும்போது வறுத்த வெந்தயப்பொடி ஒரு சிட்டிகை போடணும். அதுக்காகவாவது தம்பி ஊருக்கு வருவான்னு இருந்தேன்."

யோசித்துப் பாருங்கள். அம்மாவின் சந்தேகம் சரி, சாட்சிதான் தவறு. பொய்ச் சாட்சியை வைத்து உண்மையான குற்றவாளியைப் பிடித்தவளை என்னவென்று சொல்வது? நியாயஸ்தலமாக இருந்தால் வழக்கே தள்ளுபடியாகியிருக்கும்.

எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் 'சமைத்துப் பார்' வெளியிட்டார். பக்குவம் கேட்டு உறவுக்காரர்கள் எழுதிக்கொண்டே இருந்ததால், எல்லாவற்றையும் அளவோடு புத்தகமாகப் போடும்படி அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் தூண்டினார். முகம் தெரியாத பெண்களுக்கெல்லாம் அளந்து கொடுத்த அந்தக் கையை நான் வணங்குகிறேன். அத்தையை வணங்கத் தோன்றவில்லை. ஆனால் கோபிக்கவும் முடியவில்லை. அவள் பதுக்கியது வெந்தயத்தையா, தம்பியையா? அளவை மாற்றி எழுதியிருந்தால் அது வஞ்சகம். சிட்டிகையை விட்டது ஏக்கம் என்றே எனக்குப் படுகிறது. அம்மா இதை ஒப்பமாட்டாள். "ஏமாந்தது நான்தானே?" என்பாள்.

போன வருஷம் என் மனைவி அதே சாம்பாருக்கு அம்மாவிடம் பக்குவம் கேட்டாள். வெந்தயம் உள்பட அம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. ராத்திரி ஊறவைத்து, அம்மா சொன்ன நேரமெல்லாம் சென்னையில் வேகவைத்தாள். பருப்பு கூழாகிவிட்டது.

"உங்க அம்மா எதையோ சொல்லாம விட்டுட்டாங்க" என்றாள்.