உடலிடம் கேட்ட கேள்வி

பேருந்து ஆம்பூரை நெருங்கும்போது பயணிகள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வது நம் பகுதியினருக்குப் பழகிப்போன காட்சி. தோல் ஷாப்புகளின் நாற்றம் அப்படி. அப்பேருந்தில் இருப்போருள் சிலர் வேலூர் மருத்துவமனைக்குச் செல்பவர்கள். அவர்களுள் ஒருவருக்கு இதய வால்வு பழுதாகியிருக்கலாம். மாட்டின் இதய உறையாலோ பன்றியின் வால்வாலோ ஆன மாற்று வால்வு அவருக்குப் பொருத்தப்படுமாயின், மூக்கைப் பொத்திக் கடந்துவந்த அதே தொழிலின் நுட்பம்தான் அவர் நெஞ்சுக்குள் திறந்து மூடப்போகிறது. இதை உவமைக்காகச் சொல்லவில்லை.

தோலுக்கு உறுதி தருவது கொல்லாஜன் என்னும் புரதம். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்ற அதன் அமைப்பை 1954-55ஆம் ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எடுத்துரைத்தனர். உயிர் நீங்கிய விலங்கின் கொல்லாஜன் விரைவில் அழுகிவிடும். இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கிவிட்டால் நிலைத்து நிற்கும். நம் முன்னோர் ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும் செய்தது அதுவே. பின்னாளில் குரோமிய உப்பு அதே பணியை விரைவாகச் செய்தது. 1960களின் இறுதியில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலென் கார்ப்பான்தியே விலங்கு வால்வுகளைக் குளுட்டரால்டிஹைடு கரைசலில் இட்டுப் பக்குவம் செய்தபோதும் நிகழ்ந்தது அதுதான். குளுட்டரால்டிஹைடு தோல் பதனிடுவோருக்கும் தெரிந்த சரக்கு. அதில் பதப்பட்ட திசுவை அயல் பொருள் என்று உடல் எதிர்ப்பதும் பெரிதும் குறைகிறது.

தோலைத் தொட்டவனைத் தொடாதே என்று நூற்றாண்டுகளாகச் சொன்ன சமுதாயம் நம்முடையது. நம் ஆலயங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும்கூட அந்தச் சுவர் எழும்பி நின்றதை நாம் மறைப்பதற்கில்லை. பேதுருவோ யாப்பாவில் தோல் பதனிடும் சீமோன் வீட்டில் பல நாள் தங்கினார். தூய்மை, தீட்டு பற்றிய காட்சியை அவர் கண்டது அவ்வீட்டு மாடியில். விலங்கின் உறுப்பை மனிதருக்குப் பொருத்துவதை எல்லாச் சூழலிலும் தவறென்று சொல்லிவிட முடியாது எனத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1956ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்திவிட்டார். ஆகவே மாட்டின் திசு மனித நெஞ்சில் இருக்கலாமா என்பது நமக்குப் பெரிய சிக்கலன்று. என்னை உறுத்துவது வேறொன்று.

பதனிட்ட திசு வால்வுக்கு ஒரு குறை உண்டு. இளம் வயதினர் உடலில் அதன்மீது சுண்ணாம்புச்சத்து விரைவில் படிந்து, அது விறைத்துப்போகும். நம் நாட்டிலோ வால்வைக் கெடுக்கும் வாதக் காய்ச்சல் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழும் ஏழைப் பிள்ளைகளையே தேடிப் பிடிக்கிறது. இருபது வயதில் வால்வு தேவைப்படுபவருக்கு நெடுநாள் உழைக்கும் உலோக வால்வே பொருத்தம். அயல்நாட்டு வால்வை வாங்க அவரிடம் பணமில்லை. இக்காரணத்தால்தான் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உள்நாட்டு வால்வு ஒன்றை உருவாக்கும் முயற்சி தொடங்கிற்று.

அம்முயற்சி தோல்விகளின் வரலாறு. டைட்டானியச் சட்டத்தில் செயற்கை நீலக்கல் வட்டைப் பொருத்தினார்கள், சட்டம் தேய்ந்தது. சட்டத்தை மாற்றினார்கள், விலங்குச் சோதனையில் நீலக்கல் வட்டு உடைந்தது. இதயம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ மூன்றரைக் கோடி முறைக்கு மேல் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வட்டு சட்டத்தில் மோதுகிறது. இறுதியில் கோபால்ட்-குரோமியக் கலவை உலோகத்தில் சட்டமும், மிக உயர் மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீனில் வட்டும், பாலியெஸ்டர் துணியில் தையல் வளையமும் அமைந்தன. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. பின்னர் டிடிகே நிறுவனத்தின் வழியாக இலட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் நோயாளிகளைச் சென்றடைந்தன. 2024இல் மறைந்த வலியத்தானை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

அந்தக் கலவை உலோகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குரோமியம். ஆம், நம் தோல் ஷாப்புகளில் புழங்கும் அதே தனிமம். உலோகத்தின் மேற்பரப்பில் அது உயிர்வளியுடன் கூடி, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலமாகப் படிகிறது. எவரும் பூசாத பூச்சு அது. கீறினால் தானே மீண்டும் மூடிக்கொள்ளும். அப்படலம் இருக்கும்வரை உப்புநீரான குருதி உலோகத்தை அரிப்பதில்லை. உலோகமும் குருதிக்குள் கசிவதில்லை. வால்வு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி: இப்பொருளிலிருந்து எதுவும் கசிந்து இந்த உடலைக் கெடுக்குமா?

அதே கேள்வியைப் பாலாற்றங்கரையில் கேட்டிருந்தால்?

இராணிப்பேட்டையில் தோல் தொழிலுக்கான குரோமியப் பொருள்களைச் செய்துவந்த ஆலை 1995இல் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற இலட்சம் டன்னுக்கும் மேலான கழிவிலிருந்து, நச்சு மிகுந்த ஆறிணைதிறன் குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கியது. தோல் பதனிட உதவுவது மூவிணைதிறன் குரோமியம். அதன் நச்சு மிகக் குறைவு. தனிமம் ஒன்றே, நிலைகள் வேறு. நேர்மையாகச் சொன்னால், நம் உழவர்களின் கிணறுகளைப் பெரும்பாலும் கெடுத்தது குரோமியத்தைவிடச் சாதாரண உப்புதான். தோல் பட்டையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பயிருக்கு ஆகாமற்போனதை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆயினும் 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

தொழிலை மூடிவிட வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலணி ஆலைகளுக்குச் செல்லும் பெண்களின் ஊதியத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. நான் இட்டிருக்கும் செருப்பும் அங்கிருந்தே வந்தது. அறுவை மேசையில் கிடப்பவருக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு. கசிவு நேர்ந்தால் இன்னார் உடலில் என்று சொல்ல முடியும். கிணற்றில் இறங்கும் உப்புக்கு அப்படி ஒரு நோயாளி இல்லை, மெல்ல மெல்லக் கெடும் ஓர் ஊர்தான் உண்டு. இந்த வேறுபாட்டை நான் புரிந்துகொள்கிறேன். ஏற்க முடியவில்லை.

உடலுக்குள்ளும் அக்கேள்வி எப்போதும் கேட்கப்பட்டதென்று சொல்வதற்கில்லை. டிபியூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டில் உலோகம் உலோகத்தோடு உராய்ந்து, கோபால்ட்டும் குரோமியமும் நோயாளிகளின் தசையிலும் குருதியிலும் கலந்தன. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் அது திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. பெரும்பாலோரைக் கண்டறியவே முடியவில்லை. பாதிக்கப்பட்டோருக்கு 30 இலட்சம் முதல் ஏறக்குறைய 1.2 கோடி ரூபாய் வரை இழப்பீடு வழங்கும் கணக்குமுறையை 2018இல் நடுவண் அரசு ஏற்றது.

பாலாற்றுப் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. உச்ச நீதிமன்ற ஆணைப்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001இல் 29,000க்கும் மேற்பட்டோரைப் பாதிக்கப்பட்டவர்கள் எனக் கண்டு, ஏறத்தாழ 27 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. பகிர்ந்து பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய்ச் சொச்சம். அந்தத் தொகையும் முழுமையாகப் போய்ச் சேரவில்லை, மாசும் நிற்கவில்லை. 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே ஆற்றைப் பற்றி மீண்டும் தீர்ப்புரைத்து, இழப்பீட்டை வழங்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைக்கவும் ஆணையிட வேண்டியதாயிற்று.